கோபுரத்தைக் கடைசியில் பாருங்கள்: படம் பார்த்து இடம் சொல்வது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஒரு படத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? கட்டிடம் ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தால் மட்டும்தான் எனக்கு விடை வருகிறது.

பதில்: கட்டிடத்தைக் கடைசியில் பாருங்கள். எழுத்து, வண்டி ஓடும் பக்கம், நிழல் ஆகிய மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள்.

பலகையைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அது எந்த எழுத்து என்று தெரிந்தால் போதும். தாய் எழுத்துகளில் பலவற்றின் முனையில் ஒரு சின்ன வளையம் இருக்கும். ஆனால் புதுப்பாணி விளம்பரங்களில் அந்த வளையத்தை விட்டுவிடுகிறார்கள். கொரிய எழுத்தில் நேர்கோடுகளும் முழு வட்டங்களும் ஒரு சதுரத்துக்குள் அடங்கி நிற்கும். ரோமன் எழுத்தாக இருந்தால் தலைக்குமேல் உள்ள குறிகளைப் பாருங்கள். 'என்' எழுத்தின் மேல் நெளிகோடு இருந்தால் பெரும்பாலும் ஸ்பானிஷ். 'ஏ', 'ஓ' எழுத்துகளின் மேல் இருந்தால் போர்த்துகீசியம். வியட்நாமிய மொழியிலும் இந்த நெளிகோடு உண்டு, ஆனால் அங்கே ஒரே எழுத்தின் மேல் இரண்டு குறிகள் அடுக்கியிருப்பதையும் அடிக்கடி காணலாம். 'ஓ'வின் குறுக்கே சாய்கோடு வந்தால் டென்மார்க் அல்லது நார்வே பக்கம் போங்கள்.

ஜப்பானிலும் தாய்லாந்திலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. சீனா, தென்கொரியா, வியட்நாமில் வலப்பக்கம். ஒருவழிச் சாலையில் இந்தக் குறிப்பு ஏமாற்றிவிடும் என்பதால், எதிரெதிராக வண்டிகள் வரும் சாலைதானா என்று உறுதி செய்த பிறகே நம்புங்கள்.

கேள்வி: சிவப்புத் தொங்கு பாலம், பின்னால் தண்ணீர். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் என்று எழுதினேன், விடை லிஸ்பன் என்றார்கள். எப்படிப் பிரித்தறிவது?

பதில்: பலரும் விழும் குழி இது. இரண்டும் சிவப்புத்தான், இரண்டும் தொங்கு பாலம்தான். நிறத்தை மறந்துவிட்டு, கோபுரத்தில் சாலைக்கு மேலே இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். கோல்டன் கேட்டில் (1937) அங்கே படுக்கைச் சட்டங்கள் மட்டும் இருக்கும், ஏணி போலத் தெரியும். லிஸ்பனின் ஏப்ரல் 25 பாலத்தில் (1966) பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டங்கள் ஓடும். லிஸ்பனில் சாலைக்குக் கீழே ரயில் தளமும் உண்டு.

லிஸ்பன் படத்தில் கைவிரித்து நிற்கும் கிறிஸ்து சிலை தெரிந்தால் உடனே ரியோ என்று எழுதிவிடாதீர்கள். ரியோவின் சிலை மலை உச்சியில் வெறும் 8 மீட்டர் பீடத்தில் நிற்கிறது. லிஸ்பன் சிலையைத் தாங்கும் நான்கு தூண் பீடமோ சிலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரம்.

கேள்வி: தாஜ்மகாலா, அதைப் போலவே தோன்றும் அவுரங்காபாத்தின் பீபி கா மக்பரா கல்லறையா? மங்கலான படம், மேடம்.

பதில்: மங்கலாக இருந்தாலும் நிறம் தெரியும் இல்லையா? இருபுறமும் ஒரே மாதிரியான சிவப்புக்கல் கட்டிடங்கள் நின்றால் தாஜ். மக்பராவுக்கு அந்தச் சிவப்பு ஜோடி கிடையாது. அதன் நடுக்கட்டிடம் ஒடுங்கியது, அதனால் நான்கு மினார்களும் அதை நெருக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். சுவரையும் கவனியுங்கள். அங்கே குவிமாடமும் சுவரின் கீழ்ப்பகுதியும் பளிங்கு, இடையில் பெரும்பகுதி சுண்ணப்பூச்சு. அது கறைபட்டு வேறொரு வெள்ளையாகத் தெரியும்.

தாஜ் தெற்கு பார்த்தது. தோட்டத்திலிருந்து நேராக எடுத்த படத்தில் வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுந்தால் காலை நேரம்.

கேள்வி: நிழலை அளந்து அட்சரேகையே கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

பதில்: முடியும், ஆனால் தேதி தெரிந்திருக்க வேண்டும். சமதரையில் செங்குத்தாக நிற்கும் ஒரு கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 3 மீட்டர், உச்சிவேளை நிழலும் 3 மீட்டர் என்றால் சூரியன் 45 பாகையில் இருக்கிறது. மார்ச் 20 அல்லது செப்டம்பர் 22 ஒட்டிய நாள் என்றால் 90லிருந்து 45ஐக் கழியுங்கள். இடம் 45 பாகை அட்சரேகையில் இருக்கிறது. இதே நிழல் வட அரைக்கோளத்தில் ஜூன் 21 அன்று வடக்கு நோக்கி விழுந்திருந்தால் 23.4ஐக் கூட்ட வேண்டும், விடை 68.4. டிசம்பர் 21 என்றால் கழிக்க வேண்டும், விடை 21.6. ஒரே படம், ஒரே நிழல், ஆனால் ஆர்க்டிக் வட்டத்திலிருந்து கடகரேகை வரை விடை ஓடுகிறது. தேதி தெரியாமல் செய்யும் நிழல் கணக்கை நான் ஏற்பதே இல்லை.

தேதி சரியாக இருந்தாலும் கணக்கு பிசகும் இடங்கள் உண்டு. கேமராவை நோக்கி விழும் நிழலின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. தரை லேசாகச் சரிந்தாலே சில பாகைகள் தப்பும். அகலக்கோண லென்ஸின் ஓரத்தில் கம்பமே சாய்ந்து தெரியும்.

எந்த அரைக்கோளம் என்று அறிய டிஷ் ஆன்டெனா இதைவிட நம்பகமானது. நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்தியரேகைக்கு மேலே இருப்பதால், ஐரோப்பாவில் டிஷ்கள் தெற்குப் பக்கம் பார்க்கும், தென் ஆப்பிரிக்காவில் வடக்குப் பக்கம், பூமத்தியரேகை அருகே ஏறக்குறைய வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும்.

கேள்வி: கீசா படத்தில் உயரமாகத் தெரிந்ததைப் 'பெரிய பிரமிடு' என்றேன். தவறாம்.

பதில்: நீங்கள் சொன்னது காஃப்ரேயின் பிரமிடு. அது மேட்டு நிலத்தில் நிற்பதால் உயரமாகத் தெரிகிறது. உச்சியில் பழைய மேற்பூச்சுக் கற்கள் தொப்பி போல ஒட்டியிருந்தால் அது காஃப்ரே. கூஃபுவின் பெரிய பிரமிடுக்கு அந்தத் தொப்பி இல்லை, உச்சி மழுங்கியிருக்கும்.

கேள்வி: கூகுள் லென்ஸ் போட்டால் சம்பந்தமில்லாத ஊர்தான் வருகிறது.

பதில்: முழுப் படத்தையும் கொடுத்தால் அது நடுவில் நிற்கும் ஆளையோ வானத்தையோ பிடித்துக்கொள்ளும். ஜன்னல் வரிசையை மட்டும், கோபுர நுனியை மட்டும், மலையின் விளிம்பை மட்டும் எனத் தனித்தனியாக வெட்டித் தேடுங்கள். அதே படம் வேறெங்கே வந்திருக்கிறது என்று அறிய டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளம், ஒத்த கட்டிடங்களுக்கு லென்ஸும் யாண்டெக்ஸ் (Yandex) தேடுபொறியும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி போடுங்கள். செல்ஃபிகள் பல நேரம் கண்ணாடிப் பிம்பமாகவே சேமிக்கப்படுகின்றன.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஜிபிஎஸ் விவரம் இருக்குமா?

பதில்: சாதாரணப் படமாக அனுப்பினால் அழிந்துவிடும். ஆவணமாக அனுப்பியிருந்தால் இருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஊர் தெரிந்துவிட்டது. படம் எடுத்தவர் நின்ற இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது எப்படி?

பதில்: படத்தில் ஒன்றன் பின் ஒன்றாக மறையும் இரண்டு பொருள்களைத் தேடுங்கள்: ஒரு கோபுர நுனிக்கு நேர் பின்னால் ஒரு புகைபோக்கி என்பதுபோல. கூகுள் எர்த்தில் இரண்டையும் இணைத்து ஒரு கோடு போட்டு, கேமரா பக்கம் நீட்டுங்கள். எடுத்தவர் அந்தக் கோட்டின் மேல்தான் எங்கோ நின்றிருக்கிறார். படத்தின் மறு ஓரத்தில் இன்னொரு ஜோடியைப் பிடித்து இரண்டாவது கோடு போட்டால், வெட்டும் புள்ளிதான் விடை. இரண்டு கோடுகளும் ஏறக்குறைய இணையாக ஓடினால் சின்னப் பிழைகூட நூறு மீட்டராகப் பெருகிவிடும், அதனால் அகன்ற கோணத்தில் வெட்டும் ஜோடிகளைத் தேர்ந்தெடுங்கள். மலை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தை ஊகிக்கவே கூடாது. நீள லென்ஸ், தொலைவில் உள்ள மலையையும் கட்டிடத்தின் முதுகில் ஒட்டிவைத்துவிடும்.

கேள்வி: அறிமுகமில்லாத ஒரு பெண் தன் பால்கனியிலிருந்து எடுத்த படம் இது. எந்தத் தெரு?

பதில்: சொல்ல மாட்டேன். வீட்டு முகவரி புதிர் ஆகாது. படத்தை அழித்துவிடுங்கள்.

கேள்வி: நானே குறிப்பு எழுதிப் புதிர் போட ஆசை. எதில் கவனம் வேண்டும்?

பதில்: காலத்தோடு மாறும் தகவலை ஆண்டு இல்லாமல் எழுதாதீர்கள். 'உலகிலேயே உயரமானது' என்றால் எந்த ஆண்டில்? ஈஃபிள் கோபுரம் அந்தப் பட்டத்தை 1930இல் நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டிடத்திடம் இழந்தது, அதுவும் மறு ஆண்டே எம்பயர் ஸ்டேட்டிடம் இழந்தது. 'நிலவிலிருந்து தெரியும் சுவர்' என்று சீனப் பெருஞ்சுவருக்குக் குறிப்பு எழுதுகிறார்கள், அது பொய்.

கடினமானதிலிருந்து எளியதற்கு இறங்கி வாருங்கள். ஈஃபிளுக்கு என்றால்: 'வெயில் ஏறினால் சில சென்டிமீட்டர் வளரும்', 'இருபது ஆண்டுக்கு மட்டுமே அனுமதி வாங்கி நின்றது', 'வானொலி அலை அதைக் காப்பாற்றியது', '1889 கண்காட்சியின் நுழைவாயில்'. முதல் குறிப்பு எந்த இரும்புக் கோபுரத்துக்கும் பொருந்தும், நான்காவது ஒன்றுக்கு மட்டுமே. தலைகீழாகப் போட்டால் முதல் வரியிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

கேள்வி: அங்கோர்வாட்டின் முன்புறம், ஐந்து கோபுரங்களுக்குப் பின்னால் செஞ்சூரியன். சூரிய உதயமா, அஸ்தமனமா?

பதில்: உதயம். அந்தக் கோவில் மேற்கு பார்த்தது, முன்னால் நிற்பவர் கிழக்கைப் பார்க்கிறார்.