பல் கிளிப்பில் போடும் ரப்பர் செயின் முதல் நாளே பாதி வலு இழந்துவிடுமாமே, பிறகு ஏன் ஒரு மாதம் விட்டுவைக்கிறார்கள்?

கேட்டவர் ஏற்காட்டில் இருக்கிறார். மகளுக்கு நான்கு பல் எடுத்து, சேலத்தில் கிளிப் போட்டு, இப்போது அந்த இடைவெளியை ரப்பர் செயினால், அதாவது சின்ன வளையங்கள் தொடுத்த பட்டையால், இழுத்து மூடும் கட்டம். நாலு வாரத்துக்கு ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. செயினுக்குப் பதில் ஸ்பிரிங் போட்டுக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதாதா என்பது அவர் கேள்வி.

வலு போவது உண்மைதான். மாட்டும்போது 300 கிராம் இழுக்கிற செயின், மறுநாள் இதே நேரத்துக்கு ஏறக்குறைய 150 கிராமில் நிற்கும். அந்த இழப்பிலும் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். அதற்குப் பிறகு சரிவு மெதுவாகிறது. நாலு வாரம் கழித்து 100 கிராம் பக்கம் மிஞ்சியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி, நிறத்துக்கு நிறம் இது மாறும்.

காரணம் அதன் பொருளில் இருக்கிறது. ரப்பர் என்று சொன்னாலும் அது பாலியூரித்தேன். சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறு இழைகள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. இழுத்தால் முதலில் சுருள் நிமிர்கிறது. இந்தப் பங்குதான் விட்டதும் திரும்பி வரும். இழுத்தபடியே வைத்தால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர்ந்துவிடுகின்றன. அது திரும்பி வராது. வாயின் 37 டிகிரி சூடு அந்த வழுக்கலுக்குத் துணை போகிறது. எச்சிலின் ஈரம் உள்ளே இறங்கி, இழைகளுக்கிடையிலான பிடிப்பையும் தளர்த்துகிறது. அடுத்த முறை கழற்றிய செயினைத் தட்டில் வைத்து, பக்கத்தில் அதே எண்ணிக்கை வளையம் உள்ள புதுசை வைக்கச் சொல்லிப் பாருங்கள். பழையது கண்ணுக்குத் தெரியும் அளவு நீண்டு, வளையங்களின் ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும். மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் பயப்பட வேண்டாம். கண்ணாடி நிறச் செயினுக்கு மஞ்சள்தூள் ஒரு எதிரி, தட்டுவடை செட்டின் பீட்ரூட் இன்னொன்று. அது வெறும் கறை.

அப்படியென்றால் முதலிலேயே இரண்டு மடங்கு இறுக்கிப் போட்டால் என்ன? இதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரு கோரைப்பல்லை மட்டும் பின்னால் நகர்த்த 100 முதல் 150 கிராம் போதும். முன்பற்கள் ஆறையும் சேர்த்து இழுக்க ஒரு பக்கத்துக்கு 200 கிராமைச் சுற்றி. அதற்கு மேல் போனால் வேரைச் சுற்றிய சவ்வில் ரத்த ஓட்டம் நசுங்கி, பல் சில வாரம் அசையாமலே நிற்கும். அசைந்தாலும் வேர் அங்கேயே இருக்க, தலை மட்டும் சாயும், கம்பி வளையும், பின்னால் இருக்கும் கடைவாய்ப்பல் முன்னால் வந்து, முன்பல்லுக்கான இடத்தைத் தின்றுவிடும். ஆகவே வலு குறையும் என்று கணக்குப் போட்டுக் கொஞ்சம் கூடுதலாக, செயினின் இயல்பு நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு வரை இழுத்து மாட்டுவதுதான் வழக்கம். மாட்டுவதற்கு முன் ஒருதரம் இழுத்துவிட்டுப் போடுவார்கள். முதல் நாள் சரிவு சற்றுக் குறையும், அவ்வளவுதான். அந்த 100 கிராம் மிச்சமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதில் ஒரு பங்கு கம்பிக்கும் பிராக்கெட்டுக்கும் (பல்லில் ஒட்டி, கம்பியைப் பிடித்திருக்கும் சிறு துண்டு) இடையிலான உராய்வுக்கே போய்விடுவதால்தான் நாலு வாரத்தில் மாற்றுகிறார்கள்.

நிக்கல்-டைட்டானியம் ஸ்பிரிங் வேறு சாதி. நன்றாக நீட்டினாலும் பாதி நீட்டினாலும் ஏறக்குறைய ஒரே விசை தரும். வாரக்கணக்கில் அதன் இழப்பு சொற்பம். அதற்கும் எல்லை உண்டு: 9 மி.மீ. ஸ்பிரிங்கை 22 மி.மீ.க்கு மேல் இழுக்கக் கூடாது என்பார்கள். பிரிட்டனில் 2002இல் வெளியான ஒரு ஒப்பீட்டில் மாதத்துக்கு ஸ்பிரிங் 0.81 மி.மீ., செயின் 0.58 மி.மீ., ஒற்றை ரப்பர் வளையத்தைக் கம்பியோடு கட்டும் முறை 0.35 மி.மீ. மூடியது. ஸ்பிரிங்குக்கும் செயினுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நாலு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றினால் செயினே போதும், விலையும் மலிவு. வருகை தள்ளிப்போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் ஸ்பிரிங்குக்கு அர்த்தம்.

உங்கள் விஷயத்தில் ஸ்பிரிங் கேட்கலாம். ஆறு வாரம் வரை நியாயம். இரண்டு மாதம் என்றால் யோசிப்பேன். செயின் சோர்ந்துபோவதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. பிராக்கெட் ஒன்று விழுந்தாலும் செயினின் இழுப்பு சில நாளில் பாதிக்கு மேல் தளர்ந்துவிடும், ஸ்பிரிங் தளராது. முறுக்கைக் கடித்து ஒரு பிராக்கெட் பிய்ந்து, ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் அந்தப் பல் சுழன்றோ சாய்ந்தோ நிற்கும். அதைச் சரிசெய்ய ஆகும் மாதங்கள், மிச்சம் பிடித்த பஸ் பயணங்களை விட அதிகம்.

நடுவில் வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஒன்று. இடைவெளி மூட மூட, மெயின் கம்பியின் முனை கடைசிப் பல்லின் பின்னால் நீண்டு கன்னத்தைக் குத்தும். தொல்லைதான், ஆனால் நல்ல அறிகுறி. மெழுகு வைத்துச் சமாளித்து, போன் செய்துவிட்டுப் போய் நறுக்கிக்கொள்ளுங்கள். மாறாக, ஸ்பிரிங் விறைப்பாக இருந்தும் ஆறு வாரமாகக் கம்பி முனை துளியும் நீளவில்லை, இடைவெளியும் அப்படியே இருக்கிறது என்றால் குறை ஸ்பிரிங்கில் இருக்காது. கம்பி நுழைவதற்காகக் கடைவாய்ப்பல்லில் ஒட்டியிருக்கும் குழாயின் வாசலில் கம்பி வளைந்து மாட்டியிருக்கலாம், எதிர்ப்பல் இடித்துக்கொண்டிருக்கலாம், இடைவெளியில் ஈறு திரண்டு அடைத்திருக்கலாம். அப்போது இன்னும் வலுவான ஸ்பிரிங் கேட்காமல், கம்பியை ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.