பாப்பாவுக்கு வயது 43

வாசகர் கேள்வி:

என் வயது 67. பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 22 வருஷம் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தேன். தோட்டத்தை விற்ற பிறகு டவுனுக்கு வந்து மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறோம். என் கையில் வளர்ந்த ஒரு பிள்ளை இரண்டு வீடு தள்ளி அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறது. பிறந்ததிலிருந்து புத்தி வளர்ச்சி குறைவு, வலிப்பும் உண்டு. வயது 43 ஆகியும் எங்கள் எல்லாருக்கும் அது பாப்பாதான். அம்மா இருந்தவரை கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது பிடிகே நிலையத்துக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு நிலையம்) அனுப்புவதில்லை. அண்ணனும் அண்ணியும் வெளியே போனால் அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். மேல்கையில் விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருந்ததை இரண்டு தடவை பார்த்தேன். ஓகேயூ (மாற்றுத்திறனாளி) உதவிப் பணமும் அப்பாவின் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணமும் வருகிற பேங்க் கார்டு அண்ணியிடம். கிளினிக் மிஸ்ஸியிடம் (நர்ஸ்) சொன்னேன், போலீசுக்குப் போகச் சொன்னார். போலீசில் நீங்கள் சொந்தக்காரரா என்று கேட்டார்கள். வெல்ஃபேர் ஆபீசில் அந்தப் பெண்ணையே கூட்டிவரச் சொன்னார்கள். கோயில் தலைவர், குடும்ப விஷயம், விட்டுவிடுங்கள் என்கிறார். நான் சொன்னதை நிரூபிக்க முடியாமல் போனால் என் மேல் கேஸ் போடுவார்களா? நான் யாரிடம் போக வேண்டும்?

ஓர் ஆயா, நெகிரி செம்பிலான், மலேசியா

பதில்:

அம்மா, உங்கள் கடிதம் ஏழு பக்கம். இடம் போதாமல் இங்கே சுருக்கியிருக்கிறேன். ஆறு பக்கம் அந்தப் பெண்ணைப் பற்றி, கடைசிப் பக்கம் முழுக்க உங்கள் பயம். பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம், அது சுலபம்.

1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் என்றால் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உடல் குறை, மனக் குறை, நோய், முதுமை ஆகியவற்றால் இயலாமல் போய், ஒரு குடும்பத்தில் ஒருவராக வாழும் வயது வந்தவர்களையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் காக்கிறது. அடிப்பது மட்டுமல்ல, விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பதும் அதில் வன்முறை. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அவர் பொருளையோ பணத்தையோ நேர்மையில்லாமல் எடுத்துக்கொண்டு அவரைத் தவிக்க விடுவதும் வன்முறைதான். முக்கியமானது 18ஆவது பிரிவு. இப்படி ஒன்று நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் போலீசிடமோ சமூக நல அதிகாரியிடமோ தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது மானநஷ்டம் உட்பட எந்தப் பொறுப்பும் வராது. சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. நிரூபிப்பதும் உங்கள் வேலை இல்லை. அதற்குத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி கஷ்டமான பகுதிக்கு வருவோம். மூன்று இடத்தில் சொல்லியும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

உங்கள் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் ஒருத்தி முகம் வீங்கி நின்றால் கங்காணி பார்ப்பார். பிள்ளையைக் கொட்டகையில் விடும்போது நீங்கள் பார்ப்பீர்கள். மருந்துக்கு வந்தால் டிரெசர் பார்ப்பார். சம்பளத்தை யார் வந்து வாங்கிப் போனார்கள் என்பது கணக்கு எழுதும் கிராணிக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் இந்த நாலு பேரும் ஒரே குழாயடியையாவது கடந்திருப்பார்கள். யாரும் கூட்டம் போடாமலேயே முழுக் கதையும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தெரிந்துவிடும். (தெரிந்த பிறகும் 'அவன் பெண்டாட்டியை அவன் அடிக்கிறான்' என்று விட்டுவிட்டதும் அதே லயம்தான். தோட்டத்து வாழ்க்கையைத் தங்கத் தட்டில் வைத்துப் பேச எனக்கு மனமில்லை.)

டவுனுக்கு வந்ததும் அந்த நாலு கண்களும் நாலு கட்டடத்துக்குப் போய்விட்டன. வலிப்பு மாத்திரை எந்த மாதத்திலிருந்து ஒழுங்காக வாங்கப்படவில்லை என்பது கிளினிக்குக்குத் தெரியும். வருகை நின்ற தேதி பிடிகே ஆசிரியையிடம் இருக்கிறது. பணம் யார் கையில் போகிறது என்று பேங்கிலும் சொக்சோவிலும் பதிவு இருக்கும். பூட்டின கதவுக்குப் பின்னால் கேட்கிற அழுகை உங்களுக்குத் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன விஷயம். மாத்திரை மறந்திருக்கலாம், வேன் வராமல் இருந்திருக்கலாம், அம்மாவை நினைத்து அழுதிருக்கலாம். சேர்த்து வைத்தால்தான் பயமாக இருக்கிறது. நீங்கள் மூன்று இடத்திலும் ஒவ்வொரு துண்டைச் சொன்னீர்கள், அவர்களும் அந்தத் துண்டுக்குப் பதில் சொன்னார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கோளாறு இல்லை. இங்கிலாந்தில் கார்ன்வால் வட்டாரத்தில் கற்றல் குறைபாடுள்ள ஒருவர் தனியாக ஒரு சின்ன அறையில் வசித்தார். நண்பர்கள் என்று வந்து ஒட்டிக்கொண்ட சிலர் அவர் பணத்தைப் பிடுங்கி, சித்திரவதை செய்து, 2006ஆம் ஆண்டு ரயில் பாலத்திலிருந்து விழ வைத்துக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு வந்த மறுஆய்வு அறிக்கை சொன்னது இதுதான்: போலீஸ், மருத்துவமனை, வீட்டுவசதி, சமூக சேவை என்று பல பேருக்கு அவரைப் பற்றி ஏதோ ஒன்று தெரிந்திருந்தது, அதை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. வாரா வாரம் வந்துகொண்டிருந்த உதவியாளரை அவரே வேண்டாம் என்றார், வேண்டாம் என்றாரே என்று நிறுத்திவிட்டார்கள். ஏன் வேண்டாம் என்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. இன்று அங்கே 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் போலீசையும் சுகாதாரத் துறையையும் சேர்த்துக்கொண்டு இதற்கென ஒரு வாரியம் நடத்தியே ஆக வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு வாரியம் இல்லை. ஆனால் கூடி வேலை செய்ய வழி இருக்கிறது, யாராவது தள்ளிவிட்டால் நகரும்.

அதனால் ஒன்று செய்யுங்கள். உங்கள் மகள் மலாய் நன்றாக எழுதுவார் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரே ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். பார்த்ததை ஒரு பத்தியில், கேட்டதை இன்னொரு பத்தியில். ஊகம் வேண்டாம். 'அண்ணி கொடுமைக்காரி' என்று எழுதினால் அது சண்டை. 'இந்தத் தேதி காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி வரை அறை வெளியே பூட்டியிருந்தது' என்று எழுதினால் அது தகவல். தேதி நினைவில்லை என்றால் இன்றிலிருந்து மளிகைக் கடைக் காலண்டரில் குறித்து வாருங்கள். வலிப்பு நோய் இருக்கிறது, மாத்திரை கொடுக்கப்படுகிறதா என்று தெரியவில்லை என்பதைத் தனி வரியாக முதலில் போடுங்கள். பூட்டின அறைக்குள் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று எந்த அதிகாரிக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் கிளினிக், பிடிகே, சொக்சோ மூன்றையும் குறிப்பிட்டு, இவர்களையும் விசாரியுங்கள் என்று கேளுங்கள். பணம் யார் கணக்குக்குப் போகிறது, யாருக்குச் செலவாகிறது என்பதும் அந்த விசாரணையில் வரட்டும்.

அந்தக் கடிதத்தை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சாப்பு (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாள் 15999க்குக் கூப்பிடுங்கள். தாலியான் காசே என்பார்கள், மகளிர் அமைச்சின் 24 மணி நேர எண். 019-2615999 என்ற வாட்ஸ்அப் எண்ணும் அவர்களுடையதே. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள், யார் பெயரில் இந்த கேஸ் இருக்கிறது என்றும் கேளுங்கள். 'இலாகா பார்த்துக்கொள்ளும்' என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு ஆள், ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெண்ணை நீங்கள் கூட்டிப் போக முடியாது என்பதையும், அதிகாரிதான் வீட்டுக்கு வர வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆபத்து என்று அதிகாரிக்குத் தோன்றினால் அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று உண்டு. சமூக நல அதிகாரியே கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போகவோ போலீஸ் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவோ வேண்டாம். 7 நாள் செல்லும். 7 நாள் பெரிதில்லைதான், ஆனால் போலீஸ் விசாரணை தொடங்கி மாஜிஸ்திரேட்டிடம் இடைக்கால ஆணை கேட்க அந்த அவகாசம் போதும். காயம் இருந்தால் அவளை அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகும்படி அதிகாரியிடம் கேளுங்கள். அங்கே ஓஎஸ்சிசி (ஒரே இட நெருக்கடி உதவி மையம்) என்று கேட்க வேண்டும். 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் முதலில் வந்த ஏற்பாடு அது. டாக்டர், போலீஸ், சமூக நல அதிகாரி மூவரும் பாதிக்கப்பட்டவரிடம் வர வேண்டும், அவர் மூன்று இடத்துக்கு அலையக்கூடாது என்பதே அதன் நோக்கம். நீங்கள் அலைந்தீர்களே, அதற்கு நேர் எதிர். அலறல் கேட்டால் கடிதமும் வேண்டாம் காலண்டரும் வேண்டாம், 999.

இப்போது உங்களிடம் ஒரு வருத்தம். ஏழு பக்கத்தில் அந்தப் பெண் சொன்னதாக ஒரு வார்த்தைகூட இல்லை. பாப்பா பாப்பா என்று 19 இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். அந்தக் கூப்பிடலில் உள்ள பாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பாப்பா என்றால் தூக்கிக்கொண்டு போகலாம், 43 வயதுப் பெண்ணை அப்படித் தூக்க முடியாது. அவளுக்கு அந்த வீட்டை விட்டுப் போக ஆசையா, பிடிகே-க்கு மறுபடி போனால் போதுமா, அண்ணன் பிள்ளைகளைப் பிரிய மனம் வருமா? புத்தி வளர்ச்சி குறைவு என்றால் ஆசை குறைவு என்று அர்த்தமில்லை. உங்களைப் பார்த்தால் கம்பி ஜன்னலுக்கு வருவாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நேரத்தில் மெதுவாகக் கேளுங்கள். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்காதீர்கள், வாயில் வார்த்தையைப் போடாதீர்கள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி வையுங்கள்.

அவளுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். அதிகாரிக்கு அநேகமாக மலாய்தான். அப்போது பக்கத்தில் நிற்கிற அண்ணன் 'நான் சொல்கிறேன்' என்று மொழிபெயர்க்க முன்வருவார், எல்லாருக்கும் அது வசதியாகவும் இருக்கும். விட்டுவிடாதீர்கள். அண்ணனும் அண்ணியும் இல்லாத இடத்தில், தமிழ் தெரிந்த வேறொருவரை வைத்துப் பேச வேண்டும் என்று கடிதத்தில் கோடு போட்டு எழுதுங்கள். பிடிகே ஆசிரியைக்கு அவள் பேச்சு பழக்கம் என்றால் அவரைக் கேட்கலாம். இந்த ஒரு வரிக்காகவே கடிதம் எழுதலாம் என்பேன்.

அண்ணி மேல் எனக்கும் கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அண்ணனுக்குச் செம்பனை ஆலையில் ஷிஃப்டு வேலை, அண்ணிக்கு மூன்று பிள்ளைகள், மாமியார் செய்துகொண்டிருந்த வேலை ஒரே நாளில் அவர் தலையில் விழுந்திருக்கிறது. இதெல்லாம் அடிப்பதற்குக் காரணம் ஆகாது. ஆனால் விசாரணையின் முடிவு விலங்கு மாட்டுவதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பகலில் பிடிகே, ஒழுங்காக மருந்து, பணத்துக்குக் கணக்கு, அவ்வப்போது எட்டிப்பார்க்கிற ஓர் அதிகாரி, இவ்வளவு கிடைத்தாலே அந்த வீடு மாறலாம். மாறாவிட்டால் அவளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். அதை முடிவு செய்வது நீங்களோ நானோ அல்ல, அவளைக் கேட்டுவிட்டு அவர்கள் செய்யட்டும்.

அண்ணனிடம் நேராகப் போய்க் கேட்கலாமா என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். ஜன்னலையும் சாத்திவிடுவார்கள், இல்லையென்றால் அவளை வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள், பிறகு நீங்களும் பார்க்க முடியாது. காயத்தைப் படம் எடுத்து அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். படம் இருந்தால் அதிகாரி கையில் மட்டும்.

கோயில் தலைவரிடமும் இப்போதைக்கு மூச்சுவிடாதீர்கள். நல்ல மனிதர் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அண்ணனும் அவரும் ஒரே ஆலையில் வேலை.