வேலை மாறப் போகிறீர்களா? மருத்துவக் காப்பீடு பற்றிக் கேளுங்கள்

பதினோரு வருடம் கிளெய்ம் ஃபைல்களோடு மல்லுக்கட்டியவள் நான். இரவு பத்து மணி வரை இருப்பேன்.

ஓஎம்ஆர்வாசி: மாதம் 30,000 கூடுதலாக ஆஃபர் வந்திருக்கிறது. ஆனால் அங்கே பெற்றோருக்கு கவர் கிடையாது. அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்டும் வைத்திருக்கிறோம். மாறலாமா அக்கா?

பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். புதிதாகத் தனி பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் வரும். 2024 ஏப்ரலில் இருந்து அது அதிகபட்சம் 3 வருடம். அதுவரை இதயச் செலவு உங்கள் கையில் இருந்துதான். ஆனால் ஒரு வழி உண்டு. வேலையை விடும்போது, இப்போதைய கம்பெனி ஊழியர்களுக்கு எடுத்திருக்கும் குரூப் பாலிசியைக் கொடுத்த அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ளக் கேட்கலாம். குரூப்பில் கழித்த வருடங்கள் காத்திருப்பில் கழியும். உடல்நிலையைப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார்கள், அதனால் இப்போதே மெயிலில் கேளுங்கள். பதில் வந்தபிறகு ராஜினாமா. ஸ்டென்டை மறைத்து மட்டும் எழுதாதீர்கள்.

வேளச்சேரி: நோட்டீஸ் காலத்தில் கவர் உண்டா?

உண்டு. பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடியும்.

திருப்பூர் தம்பி: இப்போது மாதச் சம்பளம் 20,500, இஎஸ்ஐ இருக்கிறது. வேறு கம்பெனியில் 23,000 தருகிறார்கள். மாறலாமா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நல்லவேளை நீங்கள் கேட்டீர்கள். இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, அதற்கான மாதச் சம்பள வரம்பு 21,000. உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 154 ரூபாய். அதற்கு உங்களுக்கும் மனைவி பிள்ளைகளுக்கும், உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் சிகிச்சை, இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பு இல்லாமல். 23,000க்குப் போனால் அத்தனையும் போச்சு. கூடுதல் 2,500ல் ஒரு குடும்ப பாலிசியும் பெற்றோருக்குத் தனியாக ஒன்றும் வாங்கிப் பாருங்கள், மிச்சம் நிற்காது. புது இடத்தில் குரூப் பாலிசி தருகிறார்களா, அதில் பெற்றோர் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் நான் உங்கள் இடத்தில் நகரமாட்டேன். இப்போதைய கம்பெனியிலேயே சம்பளம் ஏறினால் கதை வேறு. செப்டம்பர் அல்லது மார்ச் முடியும்வரை இஎஸ்ஐ தொடரும்.

பங்குப்பித்தன்: 28 வயதில் தனி பாலிசியே வீண். அந்தப் பணத்தை எஸ்ஐபியில், மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில், போடலாம்.

போடுங்கள் தம்பி. 31ல் சர்க்கரை வந்தபிறகு பாலிசி கேட்டுப் போங்கள், அப்போது தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை.

பங்குப்பித்தன்: கம்பெனி பாலிசி இருக்கிறதே அக்கா?

அது கம்பெனியோடது, உங்களோடது இல்லை. அந்தப் பாலிசிக்காகவே பிடிக்காத மேனேஜரிடம் எட்டு வருடம் கிடந்த ஆளை எனக்குத் தெரியும். என் அண்ணன்தான்.

பங்குப்பித்தன்: அவருக்கு நோய் இருந்திருக்கும். எனக்கில்லையே.

அவருக்கும் 28ல் இல்லை.

நியூஜெர்சி: இங்கே வேலையை விட்டபின் பழைய கம்பெனிக் காப்பீட்டையே தொடர கோப்ரா எடுக்கலாமா?

அமெரிக்கா என் துறை இல்லை. பொதுவாக 18 மாதம் வரை, முழு பிரீமியமும் மேலே 2 சதவீதமும் உங்கள் தலையில். மற்றதை அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

பல்லாவரம்: கடைசி நாளுக்குப் பிறகு ஒரு மாதம் கவர் இருக்குமா?

வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் மூன்று பேர் அனுப்பியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் அதே பதில்.

திருப்பூர் தம்பி: முதலாளி 20,900 சம்பளம், மிச்சம் ஓவர்டைம் என்கிறார். இஎஸ்ஐ நிற்குமா?

ஓவர்டைம் அந்த 21,000 வரம்பில் சேராது. உண்மையிலேயே ஓவர்டைம் பார்த்தால் சரி. பார்க்காததைப் பேப்பரில் காட்ட என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.