குளூட்டன் இல்லாத சாப்பாடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எனக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்து 11 வருடங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து கோதுமை, பார்லி, ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்) மூன்றையும் தொட்டதில்லை. இவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இந்த நோய் உள்ளவர்களின் சிறுகுடலைக் கெடுத்துவிடும். ஆனால் சாப்பாட்டின் மேல் இருக்கும் ஆசை கொஞ்சமும் குறையவில்லை. வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "எதைச் சாப்பிடக்கூடாது" என்பதுதான். அதற்கும் பதில் சொல்கிறேன். எதையெல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லத்தான் எனக்கு அதிக ஆசை. பரிசோதனை, மருந்து விஷயங்களில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

கேள்வி: போன வாரம்தான் ரிசல்ட் வந்தது. கடையில் போய் நின்றால் எதை எடுப்பது என்று தெரியாமல் அழுகை வருகிறது. இனி என்னதான் சாப்பிடுவது?

பதில்: முதல் மாதம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறேன். ஒன்று செய்யுங்கள். பாக்கெட் அடுக்கியிருக்கும் பக்கமே போகாதீர்கள். நேராகக் காய்கறிப் பக்கம் போங்கள். அங்கே இருக்கும் எதிலும் குளூட்டன் கிடையாது. பழங்கள், முட்டை, மீன், இறைச்சி, பால், தயிர், பருப்பு, பயறு, கொட்டை வகைகள் எதிலும் இயல்பாகவே கிடையாது. மசாலாவோ மாவோ தடவி வைத்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் தானியம். விலக்க வேண்டியது கோதுமை, பார்லி, ரை, இவற்றின் உறவுகள். மீதி எல்லாம் நமக்குத்தான்: அரிசி, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு. கினோவா, பக்வீட், தண்டுக்கீரை விதை மூன்றும் தானியம் மாதிரி சமைக்கக்கூடிய விதைகள். பக்வீட் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதற்கும் கோதுமைக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. கடாயில் போட்டு ஒரு நிமிடம் வறுத்தால் பாதாம் வறுபடும்போது வருகிற மாதிரி ஒரு வாசனை வரும். பிறகு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி வேகவிடுங்கள், உதிரியாக வரும். கோதுமை சாப்பிட்ட காலத்தில் எனக்கு இரண்டு தானியம்தான் பழக்கம். இன்றைக்கு என் அலமாரியில் ஒன்பது இருக்கிறது.

கேள்வி: "கோதுமை" என்று எழுதாமல் வேறு பெயரில் ஒளிந்து வருவது எவை?

பதில்: ரவை, மைதா, சேமியா, கூஸ்கூஸ், ஸ்பெல்ட் எல்லாமே கோதுமைதான் (அரிசி ரவை, அரிசிச் சேமியா வேறு). ட்ரிட்டிகேல் என்பது கோதுமையையும் ரையையும் கலந்து உருவாக்கிய தானியம். மால்ட் என்று இருந்தால் பெரும்பாலும் பார்லி. காலை உணவு சீரியல்களில் மக்காச்சோளம்தானே என்று எடுப்போம், சுவைக்காக மால்ட் சேர்த்திருப்பார்கள். சோயா சாஸ் பலருக்குத் தெரியாத ஒன்று, வழக்கமான வகையில் கோதுமை உண்டு. "கோதுமை இல்லாதது" என்று எழுதியிருந்தால் போதாது, பார்லியும் ரையும் இருக்கலாம். "குளூட்டன் இல்லாதது" என்றே இருக்க வேண்டும்.

கேள்வி: குளுட்டினஸ் அரிசி என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. அது ஒட்டும் அரிசி, அவ்வளவுதான். பெயரில் இருக்கிறதே தவிர குளூட்டன் இல்லை.

கேள்வி: அக்கா, என் மாமியார் இதெல்லாம் இப்போது வந்த ஃபேஷன் என்கிறார். ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: ஃபேஷன் இல்லை என்று சொல்லுங்கள். சாமுவேல் கீ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1888-லேயே இந்த நோயை விவரித்து எழுதியிருக்கிறார். காரணம்தான் பல காலம் தெரியவில்லை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு முன்பே கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினி கிடந்த அந்த நேரத்தில் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். 1950-ல் அவர் இதை ஆய்வேடாகவே எழுதினார். எனக்கு இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் மனது கனத்துப் போகும்.

ஒரு வாய் விஷயத்துக்கு வருவோம். குளூட்டன் உள்ளே போனால் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற நீட்சிகள் தட்டையாகிவிடுகின்றன. ஒரு ரொட்டித் துண்டில் 2 கிராமுக்குக் குறையாமல் குளூட்டன் இருக்கும். பெரும்பாலான நாடுகளில் "குளூட்டன் இல்லாதது" என்று எழுத ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், மாமியாருக்குப் புரிந்துவிடும். பக்குவமாகச் சொல்லுங்கள், அவரும் பிரியத்தில்தான் ஊட்டப் பார்க்கிறார்.

கேள்வி: என் 6 வயது மகளுக்கு மட்டும்தான் சீலியாக். நாங்கள் கோதுமை சாப்பிடுகிறோம். ஒரே சமையலறையில் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் உங்கள் டோஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். விழுகிற துகள்தான் உங்கள் மகளின் ரொட்டியிலும் ஒட்டும். அவளுக்குத் தனி டோஸ்டர் வாங்குங்கள். மரக்கரண்டி, மாவு தேய்க்கும் கட்டை, வடிதட்டு மூன்றும் தனியாக இருக்கட்டும், இவற்றின் இடுக்கில் தங்குவது கழுவினாலும் முழுதாகப் போகாது. ஸ்டீல், கண்ணாடிப் பாத்திரங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். ஜாம், வெண்ணெய் பாட்டிலில் துகள் ஒட்டிய கத்தி போய் வந்திருக்கும், அதனால் அவளுக்கென்று ஒன்று. கோதுமைப் பலகாரம் பொரித்த எண்ணெயில் அவளுக்குப் பொரிக்காதீர்கள், எவ்வளவு சூடாக்கினாலும் குளூட்டன் அழியாது. அவளுக்கானதை முதலில் சமைத்து மூடிவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்குச் செய்யுங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் நாலைந்து வேளையாவது வீட்டில் எல்லோரும் அவள் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். தனித்தட்டு குழந்தைக்கு மிகவும் வலிக்கும்.

கேள்வி: ஓட்ஸ் சாப்பிடலாமா?

பதில்: பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சாதாரண ஓட்ஸில் வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லி கலந்துவிடுகிறது. அதனால் குளூட்டன் இல்லாதது என்று குறித்த ஓட்ஸ் மட்டும். உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு மருத்துவரிடம் கேட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: நான் சுடுகிற ரொட்டி செங்கல் மாதிரி வருகிறது. எங்கே தவறு?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி! கோதுமை மாவில் குளூட்டன்தான் வலை மாதிரி விரிந்து காற்றைப் பிடித்துவைக்கும். நமக்கு அந்த வேலையைச் செய்ய இசப்கோல் உமி இருக்கிறது. 100 கிராம் மாவுக்கு 5 கிராம் உமி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். சில நிமிடத்தில் கூழ் மாதிரி இறுகிவிடும். அதற்குப் பிறகுதான் மாவில் சேர்க்க வேண்டும். ஒரே மாவாகப் போடாதீர்கள். அரிசி மாவு மட்டும் போட்டால் நறநறவென்று இருக்கும். இரண்டு பங்கு தானிய மாவுக்கு ஒரு பங்கு உருளை அல்லது மரவள்ளி ஸ்டார்ச் என்று கலந்து பாருங்கள். தண்ணீர் கிட்டத்தட்ட மாவின் எடைக்குச் சமமாகப் பிடிக்கும். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மாவு சேர்ப்பதால்தான் செங்கல் ஆகிறது. ஈரமாக, கெட்டியான கேக் மாவு பதத்தில் இருந்தால் சரி. அழுத்திப் பிசைய வேண்டியதே இல்லை. ஒரு தடவை பொங்கவிட்டால் போதும், அச்சில் ஊற்றிச் சுடுங்கள்.

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள்! உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும், சூட்டில் வெட்டினால் கத்தியில் பசை மாதிரி ஒட்டும். முழுதாக ஆறட்டும், இரண்டு மூன்று மணி நேரமாவது. ஆறிய துண்டை டோஸ்ட் செய்து வெண்ணெய் தடவிச் சாப்பிடும்போது, அந்த மொறுமொறுப்புக்காகவே காத்திருக்கலாம் என்று தோன்றும்.

கேள்வி: குளூட்டனை விட்டும் பால் குடித்தால் வயிறு உப்புகிறது. பாலையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: நிரந்தரமாக விடத் தேவைப்படாமல் போகலாம். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்தக் குடல் நீட்சிகளின் மேல்தான் இருக்கிறது. குடல் ஆறினால் பலருக்கு அதுவும் திரும்பிவிடும். அதுவரை தயிர் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

கேள்வி: பரிசோதனை எதுவும் செய்யவில்லை. கோதுமையை நிறுத்தினேன், நன்றாக இருக்கிறது. அப்படியே தொடரலாமா?

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். இன்னும் நிறுத்தாதவர்கள் தயவுசெய்து பரிசோதனைக்கு முன் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: குளூட்டன் இல்லாத பிஸ்கட், ரொட்டி என்று வாங்கியே சாப்பிடுகிறேன். மலச்சிக்கல் வந்துவிட்டது.

பதில்: அவற்றில் பல வெறும் ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான், நார்ச்சத்து குறைவு. ஆசைக்கு எப்போதாவது சாப்பிடுங்கள். வேளைச் சாப்பாடு பயறு, காய், முழுத் தானியமாக இருக்கட்டும். இரும்புச்சத்து, ஃபோலேட், பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் மகன் பிறந்தநாள். அவனும் சாப்பிடுகிற மாதிரி, எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு கேக்?

பதில்: கறுப்பு சாக்லேட் 200 கிராம், வெண்ணெய் 150 கிராம் இரண்டையும் உருக்கி ஆறவிடுங்கள். அதோடு 5 முட்டைகளின் மஞ்சள் கரு, 150 கிராம் சர்க்கரை, 100 கிராம் பாதாம் பொடியைக் கலந்துகொள்ளுங்கள். வெள்ளைக் கருவைத் தனியாக நுரைக்க அடித்து, கடைசியில் நுரை அடங்காமல் மெல்லப் புரட்டிச் சேருங்கள். 170 டிகிரியில் 40 நிமிடம் போல. நடுப்பகுதி லேசாக அமுங்கினால் கவலை வேண்டாம், அங்கேதான் ருசி. சாக்லேட் பாக்கெட்டை மட்டும் படித்து வாங்குங்கள், சிலவற்றில் மால்ட் இருக்கும். அச்சில் ஒட்டாமலிருக்க மைதா தூவுகிற பழக்கத்தில் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும், அன்றைக்குக் கோகோ பொடியைத் தூவுங்கள்.