கிளட்ச் தேய்ந்ததா, கேபிள் தளர்ந்ததா? – கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளட்சைப் பற்றியவை. எழுதியவர்களில் பெரும்பாலோர் பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள். ஆகவே இங்குள்ள பதில்களும் அத்தகைய வண்டிகளுக்கே பொருந்தும்.

கேள்வி: என்னுடையது 2004 மாருதி 800. ஏறக்குறைய 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பிக்கப்பும் மைலேஜும் குறைந்துவிட்டன. கிளட்ச் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நம்பலாமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டரும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கும் இதே தொல்லையைத் தரும் என்பதால், சோதிக்காமல் நம்ப வேண்டாம். போக்குவரத்து இல்லாத சாலையில் நான்காவது கியரில் சுமார் 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். எஞ்சினின் இரைச்சல் சட்டென்று எகிறி, வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறாமல் பின்தங்கினால் கிளட்ச் நழுவுகிறது, அதாவது எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்கு முழுமையாகக் கடத்தவில்லை என்று பொருள். உங்கள் வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இல்லாததால் காதைத்தான் நம்ப வேண்டும். மேம்பால ஏற்றத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு, எஞ்சின் உடனே நின்றுபோகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. ஆனால் அது பெருமளவு தேய்ந்த கிளட்சை மட்டுமே காட்டிக்கொடுக்கும். முன்னால் ஆள் இல்லாத சமதளத்தில் ஒரு முறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் கிளட்சுக்குள் உராய்ந்து பிடிக்கும் பிளேட்டும் கருகிவிடும்.

நழுவுவது உறுதியானாலும் கியர்பாக்ஸை இறக்கும் முன், பெடலையும் கிளட்சையும் இணைக்கும் கேபிளைப் பாருங்கள். பிளேட் தேயத் தேயப் பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் லேசாக இறங்கும் தூரம், குறைந்துகொண்டே வரும். அது அறவே இல்லாமல் போனால், பிளேட்டில் இன்னும் உயிர் இருந்தாலும் கிளட்ச் முழுமையாகப் பிடிக்காமல் நழுவும். தோராயமாக ஒரு விரல் பருமன், அதாவது 15 முதல் 20 மி.மீ. வரை ஃப்ரீ பிளே வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அந்த அளவுக்குச் சரிசெய்த பிறகும் நழுவினால் மெக்கானிக் சொன்னது சரி.

கேள்வி: கிளட்சை மிதித்தால் மட்டும் 'கிர்ர்' என்று ஒலி வருகிறது. (மதுரை வாசகர்)

பதில்: பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் ஒலி மறைந்து, நியூட்ரலில் காலை எடுத்தால் திரும்ப வருமானால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

கேள்வி: வண்டியில் கிளட்ச் பிரச்சினை. எவ்வளவு செலவாகும்? (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர், நழுவுகிறதா, அதிர்கிறதா, கியர் விழவில்லையா என்று எதையும் எழுதாமல் செலவை மட்டும் கேட்டால் நான் ஜோதிடம்தான் பார்க்க வேண்டும். விவரத்தோடு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஆம்னியில் ரிவர்ஸ் போடும்போது பல் உரசும் ஒலி வருகிறது. கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: கிளட்சை முழுவதும் மிதித்து, மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். ஒலி வராவிட்டால் குறை வண்டியில் இல்லை, உங்கள் அவசரத்தில் இருக்கிறது. இத்தகைய பழைய வண்டிகளில் ரிவர்ஸ் கியருக்கு, பற்கள் சேரும் முன் அவற்றின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது. ஐந்து எண்ணிய பிறகும் உரசினால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை. இது நழுவுவதற்கு நேர் எதிரான கோளாறு. தேய்ந்த பிளேட் இதற்குக் காரணமாவது அரிது. கேபிள் நீண்டு ஃப்ரீ பிளே அதிகமாகியிருக்கலாம், அல்லது உள்கம்பி இழை இழையாக அறுந்துகொண்டிருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கும் முன் கேபிளைப் பாருங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், பிரஷர் பிளேட்டும் பேரிங்கும் நன்றாகவே இருக்கின்றன என்கிறார் எங்கள் மெக்கானிக். பணம் மிச்சமாகும் அல்லவா? (ஈரோடு வாசகர்)

பதில்: மிச்சமாகாது. இதே கேள்விக்குப் பல முறை பதில் எழுதிவிட்டேன். இருந்தும் மாதந்தோறும் வருகிறது. முன்சக்கர இழுவை வண்டியில் கிளட்சைத் தொட வேண்டுமானால் கியர் ஆயிலை வடித்து, டிரைவ் ஷாஃப்டுகளைக் கழற்றி, எஞ்சினுக்கு முட்டுக்கொடுத்து, கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அரை நாளுக்குக் குறையாத அந்த வேலைக்குத்தான் கூலியின் பெரும்பகுதி போகிறது. பிளேட் ஒன்றை மாற்றினாலும் மூன்று பாகங்களையும் மாற்றினாலும் கூலி ஒன்றுதான். பிளேட்டை அழுத்திப் பிடித்து, அதோடு சேர்ந்தே அத்தனை ஆண்டுகளும் உழைத்த பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அதன் விரல்களின் நுனியில் பேரிங் உரசிய பள்ளம் விழுந்திருக்கும், பேரிங்கின் கிரீஸ் வற்றியிருக்கும். அவற்றை அப்படியே விட்டுப் புதுப் பிளேட்டை மட்டும் போட்டால் அதுவும் சீராகப் பிடிக்காமல் விரைவில் தேயும். என் முதல் வண்டிக்கு நானும் இந்தச் சிக்கனத்தைச் செய்து பார்த்தேன். நான்கே மாதத்தில் பேரிங் அலறியது. கியர்பாக்ஸை மறுபடி இறக்கினேன். மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு செலவழித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும், பிளேட் அழுந்தும் ஃபிளைவீலின் முகத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். சீல் கசிந்தால் புதுப் பிளேட்டில் எண்ணெய் படிந்து அதுவும் நழுவத் தொடங்கும். சில நூறு ரூபாய் சீலுக்குக் கணக்குப் பார்த்துவிட்டுப் பிறகு கம்பெனியைத் திட்டி எழுதுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பிளேட்டின் ரிவெட் தலைக்கு மேல் லைனிங் (உராய்ந்து தேயும் மேற்பரப்பு) அரை மி.மீ. கூட இல்லை என்றால் மாற்றியது நியாயம், ஒரு மி.மீ.க்கு மேல் நின்று, எண்ணெயும் படியாமல், கருகாமலும் இருந்தால், எதற்காக மாற்றினார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உள்ளே படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் ஈரத்துணியால் துடைப்பதே முறை.

கேள்வி: வால்பாறை போகும்போது வண்டியில் கருகிய நாற்றம் வந்தது. ஊர் திரும்பிய பின் இல்லை. (கோவை வாசகர்)

பதில்: நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடித்திருப்பீர்கள். ஏற்றத்தில் நிற்க ஹேண்ட் பிரேக் இருக்கிறது. முதல் கடிதத்துக்குச் சொன்ன நான்காவது கியர் சோதனையைச் செய்யுங்கள். நழுவாவிட்டால் இப்போதைக்குப் பிழைத்தது.

கேள்வி: 2006 ஆல்டோ. முதல் கியரில் கிளம்பும்போது வண்டி முழுவதும் உதறுகிறது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: எஞ்சின் மவுண்ட் ரப்பர்களை முதலில் பாருங்கள், வெளியிலிருந்தே பார்க்கலாம், செலவும் குறைவு. அவை நன்றாக இருந்தால் பிளேட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம், அல்லது ஃபிளைவீல் முகம் சூட்டில் புள்ளி புள்ளியாகக் கருகியிருக்கலாம்.

கேள்வி: 2003 குவாலிஸ். பெடல் கீழேயே தங்கிவிடுகிறது. நாலைந்து முறை மிதித்தால் சரியாகிறது. கேபிளை மாற்ற வேண்டுமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: உங்கள் வண்டியில் கேபிளே கிடையாது, திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச். மாஸ்டர் சிலிண்டரின் அல்லது ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கும். பெடலுக்கு மேலேயும் கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஃபுளூயிட் தவிர வேறு எதையும், முக்கியமாக எஞ்சின் ஆயிலை, ஊற்றிவிடாதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிப் பாழாகும்.

கேள்வி: புது கிளட்ச் செட் போட்டு ஒரு வாரம் ஆகிறது. ஏற்றத்தில் வேகமாகப் போய்ப் பார்க்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: ஏற்காட்டுக்கு இந்த வாரம் வேண்டாம். முதல் 500 கி.மீ. வரை சமவெளியில் நிதானமாக ஓட்டி லைனிங் படியட்டும். பிறகு ஃப்ரீ பிளேயை மறுபடி அளந்து கேபிளைச் சரிசெய்துகொண்டு மலை ஏறுங்கள்.