நாலில் த்ரீ போனால் மூன்று

கேள்வி: பிரிட்டனில் வோடஃபோன், த்ரீ என்ற இரண்டு செல்போன் கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. பத்திரிகைகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இந்த இணைப்புகளால் மக்களுக்கு லாபமா, முதலாளிகளுக்கு லாபமா? நம் ஏர்டெல் சுனில் மிட்டல் பி.டி. (பிரிட்டிஷ் டெலிகாம்) நிறுவனத்தின் பெரிய பங்குதாரர் ஆகிவிட்டது நமக்குப் பெருமைதானே? என் மகன் லெஸ்டரில் த்ரீ சிம்தான் வைத்திருக்கிறான். மாற்றச் சொல்லலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஒரு கார்டில் ஒரு கேள்விதான் என்று இந்தப் பக்கத்தின் தலையிலேயே போட்டிருக்கிறோம். நீங்கள் மூன்று கேட்டிருக்கிறீர்கள். விஷயமே த்ரீயைப் பற்றியது என்பதால் இந்த ஒரு தடவை விடுகிறேன்.

கார்டில் என்னை நிறுத்தியது ‘இணைப்பு’ என்ற வார்த்தை. கம்பெனிகள் கூடினாலும் இணைப்பு, வீட்டுக்கு டெலிபோன் வந்தாலும் இணைப்பு. பத்திரிகை ஆபீசில் மட்டும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இலவச இணைப்பு. இருபது வருஷமாக எனக்கும் எங்கள் சர்குலேஷன் மேனேஜருக்கும் இதில் தகராறு. ராசிபலன் இணைப்பு, ஆடி மாத அம்மன் இணைப்பு, முப்பது வகை துவையல் இணைப்பு. இதழ் என்பதே இணைப்பைச் சுற்றித் தருகிற காகிதம் என்பது அவர் கட்சி. ஒரு தடவை ஆறு மாதம் அலைந்து எழுதிய அட்டைப்படக் கட்டுரைக்கு வந்த கடிதம் நான்கு. அதே இதழுக்கு ‘இணைப்பு வரவில்லை’ என்று வந்தது ஒரு சாக்கு.

போட்டிப் பத்திரிகை ஒன்று (பெயர் வேண்டாம், அவர்கள் மறந்திருப்பார்கள், நான் மறக்கவில்லை) ஷாம்பூ பாக்கெட்டை நடுப்பக்கத்தில் ஒட்டி அனுப்பியது. கட்டு மேல் கட்டு அடுக்கி லாரியில் ஏற்றினால் என்ன ஆகும்? தொடர்கதையின் ஏழாம் அத்தியாயம் நுரை தள்ளிக்கொண்டு கடைக்கு வந்து சேர்ந்தது. கதாநாயகி அந்த அத்தியாயத்தில்தான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாள் என்று எங்கள் புரூஃப் ரீடர் சத்தியம் செய்தார். நான் படிக்கவில்லை. படிக்கிற நிலையில் அது இல்லை.

இந்த வியாதி லண்டனிலும் உண்டு. 2007 ஜூலையில் ‘மெயில் ஆன் சண்டே’ பத்திரிகை, பாடகர் பிரின்ஸின் புத்தம்புது ஆல்பத்தையே இதழோடு இலவசமாகக் கொடுத்தது. இசைத்தட்டு விற்பவர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் எச்.எம்.வி. கடை என்ன செய்தது தெரியுமா? அந்தப் பத்திரிகையையே வாங்கி வைத்து விற்றது. சர்குலேஷன் மேனேஜர் இந்தச் செய்தியை வெட்டி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சரி, வோடஃபோன். கதை 2000-இல் ஆரம்பிக்கிறது. பிரிட்டிஷ் அரசு 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டது. ஐந்து லைசென்ஸ், வசூல் சுமார் 2,250 கோடி பவுண்டு. அலைக்கற்றை என்றதும் உங்களுக்கு வேறு ஞாபகம் வரும். இது அதற்கு நேர்மாறு. மலிவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று அங்கே யாரும் அழவில்லை, இவ்வளவு கொடுத்துவிட்டோமே என்று வாங்கியவர்கள்தான் அழுதார்கள். எல்லாம் கடன். கடன் தாங்காமல் பி.டி. 2001-இல் தன் செல்போன் பிரிவைத் தனியாகப் பிரித்து விட்டது, அதுதான் ஓ2. செல்போன் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று புரிந்து, 2016-இல் 1,250 கோடி பவுண்டுக்கு இ.இ. என்ற செல்போன் கம்பெனியை வாங்கியது. கறவை மாட்டைப் பாகம் பிரித்து அனுப்பிவிட்டு, பதினைந்து வருஷம் கழித்துப் பாலுக்காகச் சந்தையில் மாடு பிடித்த கதை.

அந்த இ.இ.யே ஆரஞ்சும் டி-மொபைலும் கூடிப் பிறந்தது. ஆரஞ்சை 1994-இல் அங்கே தொடங்கியது ஹாங்காங்கின் ஹட்சிசன் குழுமம். அதை விற்றுவிட்டு 2003-இல் த்ரீயைத் தொடங்கியதும் அவர்களே. நம் ஊரில் நாய்க்குட்டி விளம்பரத்தோடு வந்த ஹட்ச்? அதுவும் அவர்களுடையதுதான். 2007-இல் அதை அவர்களிடமிருந்து வாங்கியது யார்? வோடஃபோன். ஆக, 2025 மே 31-ஆம் தேதி நடந்தது புதுச் சம்பந்தம் இல்லை, ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் இருந்த இடம்தான். வோடஃபோனுக்கு 51 சதவீதம், ஹட்சிசனுக்கு 49. பெயர் ‘வோடஃபோன்த்ரீ’. மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் நடுவில் இடம் விடாமல்.

நான்கு நெட்வொர்க் இருந்த நாட்டில் இப்போது மூன்று. நாலில் த்ரீயைக் கழித்தால் மிச்சம் மூன்று! எங்கள் கணக்கு வாத்தியார் இதற்கு ஸ்கேலை எடுத்திருப்பார்.

ஹட்சிசன் முன்பு ஓ2வை வாங்கப் போனபோது, நாலு மூன்றானால் கட்டணம் ஏறும் என்று 2016-இல் ஐரோப்பிய ஆணையம் தடுத்தது. 2024 டிசம்பரில் பிரிட்டனின் போட்டி ஆணையம் அதே கழித்தல் கணக்குக்குத் தலையசைத்துவிட்டது. நிபந்தனை என்ன? வாக்குக் கொடுத்த நெட்வொர்க் முதலீட்டுத் திட்டத்தை எட்டு வருஷத்தில் நிறைவேற்ற வேண்டும். சில பிளான்களின் விலைக்கு மூன்று வருஷம் உச்சவரம்பு. முதலீட்டுக்கு எட்டு, விலைக்கு மூன்று. நடுவில் ஐந்து வருஷம் இருக்கிறதே, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அந்த ஐந்தில் இருக்கிறது.

விலையேற்றுவதில் அவர்கள் எவ்வளவு கைதேர்ந்தவர்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2023 வசந்தத்தில் பி.டி. ஒப்பந்தத்தின் நடுவிலேயே 14.4 சதவீதம் ஏற்றியது. பணவீக்கம் 10.5, அதற்கு மேல் தன் பங்குக்கு 3.9. ஹோட்டல்காரர் பில்லில் தக்காளி விலையேற்றத்தைச் சேர்த்துவிட்டு, தக்காளியை நினைத்து வருந்தியதற்கும் தனியாகச் சேர்த்த மாதிரி. இந்த முறையை அந்த நாட்டின் தொலைத்தொடர்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2025 ஜனவரி 17 முதல் தடை செய்து, எவ்வளவு ஏறும் என்பதைப் பவுண்டு, பென்ஸ் கணக்கில் முன்கூட்டியே சொல் என்றது. ஓ2 சொன்னது: மாதம் 1.80 பவுண்டு. அதே வருஷம் அக்டோபரில் 2.50 என்று திருத்திக்கொண்டது.

பத்திரிகைகள் கைமாறுவது பற்றிக் கேட்டீர்கள். ‘டெலிகிராஃப்’ கதை தனி இதழ் கேட்கும். 2023-இல் கடன் பாக்கிக்காக லாய்ட்ஸ் வங்கி அதன் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டது, வெளிநாட்டு அரசுப் பணம் நுழையப் பார்த்தது, அதைத் தடுக்கச் சட்டமே வந்தது. தந்தி என்று பெயர் வைத்தவர்களுக்கு ஆயுள் கெட்டி. தந்தி போன பிறகும் இங்கேயும் அங்கேயும் ஓடுகிறார்கள்.

என் மனதை உறுத்துவது லண்டனின் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’. 1827-இல் பிறந்த பத்திரிகை. 2009-இல் காசு வாங்குவதை நிறுத்தி, இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தார்கள். பாதாள ரயிலில் ஏறுகிறவன் கையில் ஒன்றை எடுத்துக்கொள்வான். கீழே சிக்னல் கிடையாது, எதிரே இருப்பவன் முகத்தைப் பார்ப்பது அந்த ஊரில் மரியாதை இல்லை, பேப்பரைத்தான் பார்த்தாக வேண்டும். அப்புறம் சுரங்கத்துக்குள் வைஃபை வந்தது. பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினார்கள். 2024 செப்டம்பரில் தினசரி நின்று வாரப் பத்திரிகையானது. நிர்வாகம் சொன்ன காரணங்களில் அந்த வைஃபையும் ஒன்று. டவர் வைக்கிறவன் இறங்கிய படியில் பத்திரிகைக்காரன் ஏறி வெளியே போனான். தாம்பரம்-பீச் ரயிலில் ஒரு காலத்தில் எங்கள் இதழை ஒருவர் வாங்கினால் நாலு பேர் தோளுக்கு மேல் எட்டிப் படிப்பார்கள். கோபமாக வரும், காசு கொடுக்காமல் படிக்கிறார்களே என்று. இப்போது ஒரே ஒருத்தர் எட்டிப் பார்த்தால் போதும், சந்தாவை நானே கட்டுகிறேன்.

மிட்டல் விஷயம். 1997 முதல் 2001 வரை பி.டி. நம் ஏர்டெலில் 21 சதவீதம் வைத்திருந்தது. 2024 ஆகஸ்டில் மிட்டலின் பார்தி குழுமம் பி.டி.யில் 24.5 சதவீதத்தை வாங்க ஒப்பந்தம் போட்டது. விற்றவர் பிரிட்டிஷ்காரர்கூட இல்லை, கடனில் தவித்த பாட்ரிக் டிராஹி என்ற தொழிலதிபரின் குழுமம். கிழக்கிந்தியக் கம்பெனியைப் பழிவாங்கிவிட்டோம் என்று நீங்கள் விசிலடிக்கலாம். அடித்துவிட்டு ஏர்டெல் பில்லைப் பாருங்கள், தள்ளுபடி ஏதாவது தெரிகிறதா என்று.

நமக்குப் பெருமை வேண்டுமென்றால் லெபாராவைப் பாருங்கள். லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூன்று இலங்கைத் தமிழர்கள் 2001-இல் தொடங்கியது. மூவர் பெயரிலிருந்தும் ஓரெழுத்து. சொந்த டவர் இல்லை, பெரியவர்களிடம் வாடகைக்கு எடுத்து, ஊருக்குப் பேசத் துடித்தவர்களுக்கு மலிவு சிம் விற்றார்கள். நீங்கள் படக் கம்பெனியாக அறிந்த லைக்காவும் அங்கே சிம் கம்பெனிதான். மூன்று ஆள் சேர்ந்து ஒரு பெயராக முடிந்திருக்கிறது. இரண்டு கம்பெனிக்கு முடியவில்லை.

உங்கள் மகன் சிம்மை மாற்றலாம். பி.ஏ.சி. என்று ஆங்கிலத்தில் அடித்து 65075க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு குறியீடு வரும், பழைய நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். வீட்டுக்குள் சிக்னல் எது நன்றாக வருகிறதோ அதுதான் நல்ல கம்பெனி. அடுத்த தெருவில் இருப்பவரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அடுத்த ரூமில் இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இந்த இதழோடு முப்பது வகை துவையல் இணைப்பு வருகிறது. இந்தத் தடவையும் தோற்றது நான்தான். கிடைக்காதவர்கள் சர்குலேஷன் மேனேஜருக்கு எழுதவும். எனக்கு வேண்டாம்.