ஏழு வருடக் கணக்கு

கேள்வி: ஆயுள் தண்டனை என்றாலே 14 வருடம்தான். அதிலும் பகலை ஒரு நாள், இரவை ஒரு நாள் என்று எண்ணி ஏழே வருடத்தில் விட்டுவிடுகிறார்களாமே? கொலை செய்தவனுக்கு இதெல்லாம் ஒரு தண்டனையா? (வாசகர், சாத்தூர்)

பதில்: சிறைக்குள்ளும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான் ஐயா. இரவைத் தனி நாளாக எண்ணினால் சிறைக்காவலர்களுக்கு மாதம் இரண்டு சம்பளம் அல்லவா தர வேண்டியிருக்கும்!

காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயும் இப்படி ஒரு கணக்கோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நன்னடத்தைக்கும் வேலைக்கும் சிறையில் தரும் தண்டனைக் கழிவு நாட்களையும் கூட்டினால் 20 வருடம் ஆகிவிட்டது, விடுங்கள் என்றார். ஆயுள் என்றால் மிச்சமிருக்கும் ஆயுள் முழுவதும்தான் என்று 1961-இல் தீர்ப்பு வந்தது. முன்கூட்டியே விடுவதா வேண்டாமா என்பது அரசின் பாடு. (1964-இல் அரசு அவரை விட்டது, அது தனிக் கதை.)

14 வருடம் என்பது 1978-இல் வந்த சட்டத்திருத்தம். தூக்குக்கு இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர், கழிவு நாட்களைச் சேர்க்காமல், முழுதாக 14 வருடம் உள்ளே இருந்தாக வேண்டும். 'இதற்குக் குறையக் கூடாது' என்று சட்டம் சொன்னதை, 'இதோடு சரி' என்று ஊர் படித்துக்கொண்டது.

ஏழு வருடத்தில் வெளியே வந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டி ஏழு வருடம் முடித்த ஆயுள் கைதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தமிழக அரசு விடுவித்தது. அது ஆளுநர் பெயரால் காட்டப்பட்ட தண்டனைக் குறைப்பு, அரசியல் சாசனத்தில் அதற்கு இடமிருக்கிறது. பகலிரவுக் கணக்கு அல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில், 19 வயதில் கைதான பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதம். உங்கள் கணக்குப்படி அவர் 60 வருடத்துக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார்!

உங்கள் கோபத்தைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். தங்கள் மீதுள்ள வழக்கில் குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லாதவர்கள். அவர்களில், ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும், கையெழுத்துப் போட வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வராததால் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. செல்போன் திருடிய வழக்காக இருக்கும். வாய்தாவுக்கு வாய்தா போலீஸ் வேனில் வந்து, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறான்.